தடைக்காலம், மகள் படிப்பு, படகுப் பங்கு: எந்தப் பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

விசைப்படகுத் தொழிலாளி (தங்கச்சிமடம்)

எல்லாருக்கும் வணக்கம். விசைப்படகில் பங்குக்குப் போகிறேன். வாரத்துக்கு 3 நாள் தொழில். நல்ல பாடு கிடைத்தால் ஒரே இரவில் கை நிறையும், இல்லாவிட்டால் டீசல் காசுக்கே இழுபறி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது வருமானமே கிடையாது. வீட்டில் கருவாடு வியாபாரம் பார்க்கிறார்கள், அதில் தினமும் கொஞ்சம் வரும்.

என் பெயரில் ஒரே ஒரு கணக்குதான், ஒரு தனியார் வங்கியில். எல்லாப் பணமும் அதில்தான் விழுகிறது, அதிலிருந்துதான் போகிறது. போன தடைக்காலத்தில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று மாதாமாதம் பிடித்துவிட்டார்கள். சம்பாத்தியமே இல்லாத மாதத்தில் பிடித்ததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

எனக்கு 3 காரியத்துக்குப் பணம் சேர வேண்டும். தடைக்காலத்தில் வீடு ஓட வேண்டும். மகளுக்கு 4 வயது, அவள் படிப்பு. அப்புறம், 5 வருஷத்தில் ஒரு நாட்டுப்படகில் பங்கு போட வேண்டும் என்று ஆசை. எந்த மாதிரிக் கணக்கு எனக்குச் சரிப்படும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளி வாசகர்

எஸ்பிஐயில் 2020 மார்ச்சிலேயே மினிமம் பேலன்ஸ் அபராதத்தை எடுத்துவிட்டார்கள் தம்பி. கனரா வங்கி, இந்தியன் வங்கியும் 2025இல் எடுத்துவிட்டன. முதலில் அங்கே மாறுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர் (ராமநாதபுரம்)

மாறுவது நல்லதுதான். ஆனால் தம்பி கேட்டது அதற்கு மேலான கேள்வி. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் "எந்தக் கணக்கில் வட்டி அதிகம்?" என்றுதான் பலரும் கேட்பார்கள். "இந்தப் பணம் எனக்கு எப்போது வேண்டும்?" என்று கேட்டு வந்தவர்கள் குறைவு. இதற்குப் பதில் சொல்லிவிட்டால் கணக்கைத் தேர்ந்தெடுப்பது சுலபம். தம்பிக்கு வேண்டிய 3 காரியமும் 3 வேறு காலத்தில் வருகின்றன. ஒரே கணக்கில் போட்டால் முதலில் வருகிற செலவு மற்ற இரண்டையும் தின்றுவிடும்.

அன்றாடப் புழக்கத்துக்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கு போதும். ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்று மக்கள் சொல்வது அதைத்தான். குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணம் கிடையாது, மாதம் 4 முறையாவது இலவசமாகப் பணம் எடுக்கலாம். எல்லா வங்கியும் இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, தனியார் வங்கியும் சேர்த்து. இப்போதுள்ள கணக்கையே இப்படி மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு வங்கியில் இந்தக் கணக்கு வைத்திருந்தால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைக்க முடியாது.

2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். கூடவே ரூபே கார்டில் விபத்துக் காப்பீடு உண்டு, 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்கு 2 லட்சம். விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்தக் கார்டை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடல் தொழில் செய்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கார்டை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தடைக்காலத்திலும் ஒரு தடவை ஏடிஎம்மில் 100 ரூபாயாவது எடுத்துவிடுங்கள்.

வட்டியைப் பொறுத்தவரை, பெரிய அரசு வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்கு 2025இல் 2.5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. 10,000 ரூபாய் ஒரு வருடம் அசையாமல் கிடந்தால் 250 ரூபாய். அதனால் சேமிப்புக் கணக்கைப் பணம் வளர்கிற இடமாக நினைக்க வேண்டாம், வந்து தங்கிப் போகிற இடம்தான் அது.

ஆர்டி ஏஜென்ட் அக்கா (மண்டபம்)

ஐயா சொன்னதோடு போஸ்ட் ஆபீஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீதம். 500 ரூபாய் போட்டுத் தொடங்கலாம், அந்த 500ஐ மட்டும் எப்போதும் விட்டு வைக்க வேண்டும். குறைந்தால் வருடக் கடைசியில் 50 ரூபாய் பிடிப்பார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வங்கியில் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிடுவார்கள். அஞ்சலகத்தில் அப்படி இல்லை. மாதம் 10ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. 1ஆம் தேதி 20,000 போட்டு, 28ஆம் தேதி 15,000 எடுத்து, அடுத்த மாதம் 2ஆம் தேதி திரும்பப் போட்டால், அந்த மாதம் வட்டி 5,000க்கு மட்டும்தான். ஒரு தடவை 12ஆம் தேதி பணம் கொண்டு வந்த ஒரு அம்மாவிடம் "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தால் இந்த மாதத்துக்கும் வட்டி கிடைத்திருக்குமே" என்று சொன்னேன். இப்போது அவர் 8ஆம் தேதியே வந்து நிற்கிறார். போடுவது 10ஆம் தேதிக்குள், எடுப்பது அடுத்த மாதப் பிறப்பில் என்று வைத்துக்கொண்டால் போதும்.

படகுப் பங்குக்கு 5 வருஷ ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற தொடர் வைப்பு, பொருந்தும் தம்பி. இப்போது 6.7 சதவீதம். மாதம் 1,000 கட்டினால் 60 மாதத்தில் நீங்கள் போட்டது 60,000, கைக்கு வருவது சுமார் 71,366.

பாம்பன் கணவாய் வியாபாரி

அக்கா, ஒரு சந்தேகம். ஆர்டி மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரி. கடலுக்குப் போகிறவனுக்கு மாதம் தவறாமல் 1,000 எங்கிருந்து வரும்? 2 மாதம் தடை, அதற்கு மேல் புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம். எங்கள் தெருவில் ஆர்டி தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர். அதற்குச் சீட்டே மேல். அவசரம் என்றால் கொஞ்சம் தள்ளுபடி விட்டு முன்னாடியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்டி ஏஜென்ட் அக்கா (மண்டபம்)

நியாயமான கேள்வி அண்ணே. அதற்கு வழி இருக்கிறது, கேட்காததால் யாரும் சொல்வதில்லை. அஞ்சலக ஆர்டியில் முன்கூட்டியே தவணை கட்டலாம். ஒரே தடவையில் 6 மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டினால், மாதத் தவணையில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மொத்தமாக 10 ரூபாய் கழிவு, 12 மாதம் சேர்த்துக் கட்டினால் 40 ரூபாய் கழிவு. 1,000 ரூபாய் ஆர்டி என்றால் 6 மாதத்துக்கு 6,000 கட்ட வேண்டிய இடத்தில் 5,900 கட்டினால் போதும். இறால் நன்றாகப் படுகிற நேரத்தில், பங்குப் பணம் கைக்கு வந்த கையோடு தடைக்காலத் தவணையையும் கட்டிவிடுங்கள். என்னிடம் கணக்கு வைத்திருக்கிற விசைப்படகு வீடுகள் பலவும் மார்ச்சுக்குள் ஜூன் வரைக்கும் கட்டி முடித்துவிடுவார்கள்.

ஒரு மாதம் தவறினால் 100க்கு 1 ரூபாய்தான் அபராதம். 4 தவணை தவறினால்தான் கணக்கு நின்றுபோகும், அதையும் 2 மாதத்துக்குள் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம். 3 வருடம் முடிந்தால் முன்கூட்டி முடிக்கவும் செய்யலாம், ஆனால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற காசாளர் (ராமநாதபுரம்)

சீட்டு பற்றி அண்ணன் சொன்னதற்கு ஒரு வார்த்தை. 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்து நடத்துகிற சீட்டு வேறு, தெருவில் நம்பிக்கையின் பேரில் நடக்கிற சீட்டு வேறு. இரண்டாவதில் நடத்துகிறவர் ஊரை விட்டுப் போனால் கேட்க நாதி இல்லை. வங்கியில் ஒருவருக்கு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியில்தான் அதை 1 லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். அஞ்சலகப் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடுகிற டெபாசிட்டுக்கு இந்த 5 லட்சக் காப்பீடு கிடையாது. சங்கத்தில் போட வேண்டாம் என்று சொல்லவில்லை, மகள் படிப்புப் பணம் முழுவதையும் அங்கே வைக்க வேண்டாம் என்கிறேன்.

பாம்பன் கணவாய் வியாபாரி

முன்கூட்டிக் கட்டும் விவரம் எனக்கு இன்றுதான் தெரியும். நன்றி அக்கா. இருந்தாலும் வியாபாரத்துக்குச் சீட்டை நான் விட மாட்டேன், அவசரத்துக்குக் கை கொடுப்பது அதுதான்.

தேவிபட்டினம் ஆசிரியை

4 வயது மகளுக்கு செல்வமகள் சேமிப்புத் திட்டம் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். 10 வயதுக்குள் தொடங்க வேண்டும். வருடம் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. 15 வருடம்தான் கட்ட வேண்டும், 21ஆம் வருடம் முதிர்வு. அவளுக்கு 18 வயது ஆனாலோ 10ஆம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். கல்லூரிச் சேர்க்கைக்குப் பணம் கேட்கிற நேரத்தில் அது இருக்கும்.

மாதாமாதம் கட்ட வேண்டும் என்ற கட்டாயமே இதில் இல்லை. பணம் வருகிறபோது போடலாம், ஒரு வருடத்தில் அந்த 250கூடப் போடாவிட்டால்தான் 50 ரூபாய் அபராதம். கடல் வருமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடையாது என்பது என் கருத்து. என் வகுப்புப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் நகையை அடகு வைக்கப் போகிற தாய்மார்களை வருடா வருடம் பார்க்கிறேன். தயவுசெய்து இந்த மாதமே தொடங்குங்கள் தம்பி.

கீழக்கரை காக்கா

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன், பயனுள்ள தகவல்கள். எங்கள் பக்கம் வட்டி வாங்கக்கூடாது என்று இருப்பவர்கள் நிறைய. அவர்கள் பலரும் கணக்கே வேண்டாம் என்று பணத்தை வீட்டில் வைத்துவிடுகிறார்கள். அது பாதுகாப்பு இல்லை. கரண்ட் அக்கவுண்டில் வட்டி கிடையாது. ஆனால் பெரும்பாலும் கூடுதல் இருப்பு வைக்கச் சொல்வார்கள், வியாபாரம் இருப்பவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். மற்றவர்கள் ஜீரோ பேலன்ஸ் கணக்கு வைத்து, அதில் விழுகிற வட்டியைத் தனியாகக் கணக்குப் பார்த்து, நன்மையை எதிர்பார்க்காமல் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். எப்படி இருந்தாலும் கணக்கு இல்லாமல் இருக்க வேண்டாம்.

இன்னொன்று, வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு. வெளிநாட்டு வேலைக்குப் போய் அங்கே குடியிருப்பவராகிவிட்டால் ஊரில் இருக்கிற சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக்கூடாது, என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்து அனுப்புகிற பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. என்ஆர்இ வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஊரில் வருகிற வாடகை போன்றவை என்ஆர்ஓவில்தான் விழ வேண்டும், அதன் வட்டிக்கு 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் வரி பிடிப்பார்கள். அதனால் பெரிய தொகையை என்ஆர்ஓவில் தேங்க விடாதீர்கள்.

தொண்டி தம்பி (துபாயிலிருந்து)

காக்கா, வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் அனுப்புவதை என்ஆர்இயில் போட வேண்டுமா, வீட்டில் உள்ளவர்கள் கணக்குக்கு நேராக அனுப்பலாமா?

கீழக்கரை காக்கா

செலவுக்குப் போவதை அவர்கள் கணக்குக்கே அனுப்புங்கள் தம்பி. சேர்க்க வேண்டியது மட்டும் என்ஆர்இயில். எல்லாம் ஒரே கணக்கில் போனால், ஊருக்கு வருகிறபோது கையில் என்ன நிற்கிறது என்றே தெரியாது. உங்கள் என்ஆர்இ கணக்கை அவர்கள் இயக்க வேண்டும் என்றால் வங்கியில் அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம்.

பாசி எடுக்கும் அக்கா (சின்னப்பாலம்)

நான் பெரிய விவரம் தெரிந்தவள் இல்லை. ஆனால் புதுக் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெண், நல்ல வட்டி என்று யாரோ சொன்னதைக் கேட்டு இன்னொரு வங்கியில் கணக்கு தொடங்கினாள். படிவத்தில் ஒரு இடத்தில் டிக் போடச் சொன்னார்கள், போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் பழைய பாஸ்புக்கில் வரவே இல்லை. 2 மாதம் அலைந்த பிறகுதான் தெரிந்தது, பணம் புதுக் கணக்கில் சேர்ந்துகொண்டு இருந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற காசாளர் (ராமநாதபுரம்)

அக்கா சொன்னது முக்கியமான விஷயம். ஆதார் வழியாக வருகிற அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை மானியத்துக்கு இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். அடையாளத்துக்கு ஆதார் நகல் கொடுப்பது வேறு, மானியம் இங்கே வரட்டும் என்று இணைப்பது வேறு. புதுக் கணக்கு படிவத்தில் இரண்டாவதுக்குத் தனியாகச் சம்மதம் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே குறியுங்கள். எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி, உங்கள் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் போகிற கணக்கும் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதல்வர் 5,000த்திலிருந்து உயர்த்தி அறிவித்த தொகை அது. மினிமம் பேலன்ஸ் பிடிக்கிற கணக்கில் அது விழக்கூடாது.

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா? நீங்கள் 1,500 கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகின்றன. மீனவப் பெண்களுக்கும் உண்டு. எந்த வங்கியும் எந்த அஞ்சலகமும் இப்படி ஒரு வரவு தராது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

விசைப்படகுத் தொழிலாளி (தங்கச்சிமடம்)

நான் அதில் இருக்கிறேன் ஐயா, வீட்டில் இன்னும் சேரவில்லை. சேர்த்துவிடுகிறேன். எல்லாருக்கும் நன்றி. அரசு வங்கியில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு, மகளுக்குச் செல்வமகள், படகுக்கு அஞ்சலக ஆர்டி என்று முடிவு செய்துவிட்டேன். தடைக்காலப் பணத்தை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் எடுக்கும்படியும் இருக்க வேண்டும், தீபாவளிக்குக் கரைந்துவிடவும் கூடாது.

ஆர்டி ஏஜென்ட் அக்கா (மண்டபம்)

அதை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள் தம்பி, ஏடிஎம் கார்டு வாங்காமல். பாஸ்புக் வீட்டில் இருக்கட்டும். பணம் எடுக்க வரிசையில் நின்றாக வேண்டும் என்றாலே பாதிச் செலவு நின்றுவிடும்.

ராமேசுவரம் படகு உரிமையாளர்

பெரிய தொகை புரள்பவர்களுக்கு ஒரு தகவல். டீசலுக்கும் ஐஸுக்கும் வைத்திருக்கிற பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்க வேண்டாம். ஒரு அளவுக்கு மேல் இருப்பதைத் தானாக எஃப்டிக்கு மாற்றி, தேவைப்படும்போது தானாகத் திருப்பித் தருகிற வசதி பல வங்கிகளில் இருக்கிறது. எஸ்பிஐயில் அதை மோட் என்பார்கள். செக் போட்டால் வேண்டிய அளவு மட்டும் உடையும். இடையில் உடைத்தால் வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பங்குக்குப் போகிறவர்களுக்கு இது தேவைப்படாது.

உச்சிப்புளி வாசகர்

இன்னொன்று விட்டுப்போயிற்று. பிரதமர் ஆயுள் காப்பீட்டுக்கு 436, விபத்துக் காப்பீட்டுக்கு 20, இரண்டும் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் தானாகப் பிடிப்பார்கள். பிடிப்பது வருடா வருடம் மே மாதக் கடைசி வாரத்தில். நம் பக்கத்தில் அது தடைக்காலத்தின் நடுப்பகுதி, கணக்கு காலியாக இருக்கிற நேரம். பணம் இல்லாவிட்டால் 2 லட்சக் காப்பீடு நின்றுபோகும். 456 ரூபாயை மே மாதம் முழுவதும் தொடாமல் வையுங்கள்.

விசைப்படகுத் தொழிலாளி (தங்கச்சிமடம்)

இதைக் குறித்துக்கொண்டேன் அண்ணே. கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். கணக்கு என் பெயரில் மட்டும் இருந்தால் போதுமா, வீட்டிலும் சேர்க்க வேண்டுமா? நாமினியாகப் போட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார்.

ஓய்வுபெற்ற காசாளர் (ராமநாதபுரம்)

போதாது தம்பி. இதை எங்கள் கடற்கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. நாமினி என்பவர் கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு, இறப்புச் சான்றிதழோடு வந்தால்தான் பணம் வாங்க முடியும். எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் மாதக்கணக்கில் அங்கே சிறையில் இருக்க நேர்கிறது. அப்போது உங்கள் பெயரில் மட்டும் இருக்கிற கணக்கில் ஒரு ரூபாய் எடுக்க வீட்டில் முடியாது. கடலில் காணாமல் போனவர் வீட்டுக்கு இன்னும் கஷ்டம், இறப்புச் சான்றிதழ் கிடைப்பதற்கே வருடங்கள் ஆகலாம்.

அதனால் கணக்கை இருவர் பெயரிலும் வையுங்கள், "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில். அப்படி இருந்தால் யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கலாம். அஞ்சலகத்தில் இதற்கு ஜாயின்ட் பி என்று பெயர். ஜாயின்ட் ஏ என்று எழுதிவிடாதீர்கள், அதில் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் கிடைக்கும். நாமினியும் வேண்டும், மகள் பெயரைப் போடலாம். அவள் சிறுமி என்பதால், 18 வயது ஆகும் வரை அவளுக்காகப் பணம் வாங்கிக்கொள்ள வயது வந்த ஒருவர் பெயரையும் கேட்பார்கள்.

தொழில் இல்லாத நாளாகப் பார்த்து இருவரும் சேர்ந்தே போங்கள். இருவர் ஆதாரும் போட்டோவும், பான் கார்டு இருந்தால் அதுவும். பான் இல்லாதவர்களுக்குத் தனிப் படிவம் கிளையிலேயே கிடைக்கும். செல்வமகளுக்கு மகளின் பிறப்புச் சான்றிதழ். பழைய தனியார் வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன் நிவாரணப் பணமும் காப்பீடும் புதுக் கணக்குக்கு வந்துவிட்டனவா என்று பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்துவிடுங்கள்.